பொத்தானுக்கு நான் ஆக்கிய குறி

கிளிநொச்சியில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் இருக்கிறது எங்கள் மென்பொருள் அலுவலகம். அங்கே தலை நரைத்தவர்கள் நானும் என் நண்பனும் மட்டும்தான். பக்கத்துப் பக்கத்துக் கதிரை. கமக்காரர் குளத்து நீர்மட்டம் பார்ப்பதற்கு ஒரு கைபேசிச் செயலி எழுதிக்கொண்டிருந்தோம்.

திரையில் வரும் ஒவ்வொரு பொத்தானுக்கும் நிறம், எழுத்தளவு, மூலை வளைவு என்று ஏழெட்டு வரி எழுதவேண்டும். வரிக்கு வரி பொத்தானின் பெயரையும் சொல்லவேண்டும். பந்தியில் ஒவ்வொரு கறிக்கும் மாப்பிள்ளையை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல. எங்கள் நிரல்மொழியில் புதுக் குறிகளை நாமே ஆக்கிக்கொள்ளலாம். நான் ஒன்று ஆக்கினேன்: இரண்டு நட்சத்திரம், ஒரு கூர்முனை. இடப்பக்கம் பொத்தான், வலப்பக்கம் அதன் அலங்காரம் முழுவதும். ஒரே வரி.

“மச்சான், நீ இங்கை இருக்கவேண்டிய ஆளே இல்லையடா,” என்றான் நண்பன். நம்பினேன். அன்றிலிருந்து அவன் என்னைவிடத் தாராளமாக அதைப் பாவித்தான்.

அடுத்த வேலைக்கு எங்களில் ஒருவரைத் தலைவராக்கப் போவதாகக் கதை வந்தது. இந்த வயதில் பதவி எதற்கு என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டு, மினுக்கிய சேட்டோடு தெரிவுக் கூட்டத்துக்குப் போனேன். வவுனியாவிலிருந்து வந்த மேலாளர் அம்மா எங்கள் நிரலைச் சுவரில் போட்டுப் பார்த்தார்.

“உதென்ன குறி? புதுசா வாற ஆளுக்கு என்னெண்டு விளங்கும்?”

நியாயமான கேள்வி. பதிலும் என்னிடம் இருந்தது. நண்பன் முந்திக்கொண்டான்.

“அது இவர் தன்ரை பாட்டிலை செய்தது மிஸ். நான் அப்பவே வேண்டாம் எண்டனான்.”

பதினொரு வருடம் ‘டேய்’ என்றவன், அன்றுதான் எனக்கு மரியாதை தந்தான்.

நிரலின் பதிவேட்டைத் திறந்தால், எந்த வரியை யார் கடைசியாகத் தொட்டாரோ அவர் பெயர் அதன் பக்கத்தில் நிற்கும். குறி இருந்த வரிகளில் பாதிக்கு மேல் அவன் பெயர். ஒரு விசையைத் தட்டியிருந்தால் சுவரில் தெரிந்திருக்கும். தட்டவில்லை. பெருந்தன்மை என்று மனைவியிடம் சொன்னேன்.

“வாய் வரேல்லை எண்டு சொல்லுங்கோ,” என்றாள்.

அவன் தலைவனானான். மறுநாளே என் கதிரைக்கு வந்தான்.

“கோவிக்காதையடா. அந்தக் குறியெல்லாத்தையும் எடுத்துவிடு. உனக்குத்தானே அது வடிவாத் தெரியும்.”

“உன்ரை வரியளிலையுமோ?”

“ஓம். எல்லாத்திலையும்.”

மூன்று நாள் எடுத்தது. அவனுடைய ஒவ்வொரு வரியையும் எட்டாக விரித்தேன். விரிக்க விரிக்க அவன் பெயர் மறைந்து என் பெயர் ஏறியது. இனி அந்த நிரலைத் திறப்பவருக்கு, இப்படி வளவளவென்று எழுதிய ஆள் யார் என்பதில் சந்தேகமே வராது.