பட்டாபிக்கு வேண்டாதவை

காய்கறி வண்டிக்காரன் கொசுறாகப் போட்ட கொத்தமல்லியைப் பையிலிருந்து எடுத்து வண்டியிலேயே வைக்கிறார் பட்டாபி. "நஹீ சாஹியே, பையா." வேண்டாமாம், வீட்டில் நேற்றைய கொத்தமல்லி இருக்கிறதாம். வாசலில் நிற்கும் மனைவி சுந்தரவல்லி தலையில் அடித்துக்கொள்கிறாள். தில்லி கிட்வாய் நகரே கொசுறுக்காகச் சண்டை போடும்போது, வந்த கொசுறைத் திருப்பிக் கொடுக்கும் ஒரே மனிதர் எங்கள் கீழ்வீட்டுக்காரர்தான்.

உத்தியோகமும் அவருக்கு அப்படியே அமைந்துவிட்டது. ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் பழைய கோப்புகளைக் கழித்துக்கட்டும் வேலை. மேலட்டையில் 'இனித் தேவையில்லை' என்று யாராவது எழுதியிருந்தால் போதும், கையெழுத்துப் போட்டுவிடுவார். "உள்ள பிரிச்சுப் பார்த்தா பாவமா இருக்கும், ஸார். அப்பறம் எதையும் கழிக்க முடியாது." வீட்டில் பழைய நாற்காலி கிடையாது, பழைய செருப்பு கிடையாது. கல்யாண ஆல்பத்தில்கூட ஒரே ஆள் இரண்டு முறை வந்த படங்கள் போய்விட்டன.

கம்ப்யூட்டரை இயக்க லினக்ஸ் வைத்துக்கொண்டதும் அதற்காகத்தான். "இதுல வேண்டாததை வேரோட எடுக்கலாம், ஸார்." லினக்ஸைப் போட்டு முடித்த அன்றே அதன் சி.டி.யைக் குப்பையில் எறிந்தார். சுந்தரவல்லி அதைப் பொறுக்கி, புறாக்களை விரட்டப் பால்கனியில் நூல் கட்டித் தொங்கவிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நியூ ஜெர்ஸியில் அவர்கள் மகள் ஷ்ரேயாவுக்குச் சீமந்தம். விசா கிடைக்காத தாய்க்குக் கம்ப்யூட்டரில் அதைக் காட்டுவதாக மாப்பிள்ளை ஏற்பாடு. சுந்தரவல்லி மத்தியானமே பட்டுப்புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு தயாராகிவிட்டாள். என்னையும் அழைத்திருந்தாள்.

படம் தடங்கலில்லாமல் வர வேண்டுமே என்று பட்டாபிக்குக் கவலை. திரையில் சன்னல்களையும் மெனுக்களையும் காட்டுகிற முகப்பு கனமாக ஒன்று, லேசாக ஒன்று, ஆக இரண்டு இருந்தன. கனமானதை நீக்கச் சொல்லிக் கம்ப்யூட்டரில் தட்டினார். அதனோடு ஒட்டிக்கொண்டிருந்தவற்றை நீளமாகப் பட்டியலிட்டு, 'இவையும் இனித் தேவையில்லை, எடுத்துவிடலாமா?' என்று கேட்டது கம்ப்யூட்டர். அலுவலகப் பழக்கம். ஆம் என்று தட்டிவிட்டார்.

இன்டர்நெட்டில் இணைக்கும் புரோகிராமும் அந்தப் பட்டியலில் இருந்திருக்கிறது. அணைத்துப் போட்டபோது லேசான முகப்பும் வரவில்லை. கறுப்புத் திரை. மூலையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

"ஏன்னா, குழந்தை எங்கே?"

"கொஞ்சம் இரு. போனதையெல்லாம் திரும்ப இறக்கணும்."

"ஜல்தி இறக்குங்கோளேன்."

"நெட்லேர்ந்துதான் இறக்கணும். அந்த நெட்டே போயிடுத்து."

சுந்தரவல்லி நாற்காலியைக் கறுப்புத் திரைக்கு இன்னும் அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"போன் போடறேன். சத்தமாவது கேக்கலாம்," என்றார் அவர்.

"அவ வயித்தைக் காதால பார்க்கச் சொல்றேளா?"

பட்டாபி தரையைப் பார்த்தபடி, "சி.டி. இருந்தா அதுலேர்ந்து திரும்பப் போட்டுடலாம்," என்றார். அவள் பால்கனிப் பக்கம் கையை நீட்டினாள்.

ஸ்டூல் போட்டு ஏறினார் பட்டாபி. முடிச்சை நகத்தால் மெல்ல அவிழ்த்தார். சி.டி.யில் காய்ந்திருந்த புறா எச்சத்தைப் புது வேட்டியின் நுனியால் துடைத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வாயால் ஊதி மறுபடி துடைத்தார். கீழே இறங்கியவர் உள்ளே போகத் திரும்பி, ஏதோ நினைத்துக்கொண்டு நின்றார். கையிலிருந்த நூலைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார்.