பொட்டு வைத்த பென்டிரைவ்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு வருஷமாகத் தயங்கினேன். என் வீட்டுக்காரி சரசு இந்தப் பத்தியை ஒரு வாரம்கூட விடாமல் படிப்பவள். அதுதான் பயம். போன வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு, தான் முன்பு பாடிய பாட்டின் பதிவைக் கேட்டபடியே, "இவ்ளோ சுத்தமா எப்டிங்க புடிச்சீங்க?" என்றாள். இனியும் மறைத்தால் முருகன் பொறுக்கமாட்டான்.

நாலு வருஷத்துக்கு முன் சரசுவுக்குத் தொண்டையில் கட்டி. திங்கட்கிழமை ஆபரேஷன். அதன் பிறகு பாட வராமலே போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மாலை, கள்ளிக்குப்பத்தில் ஒரு பக்தர் தன் வீட்டிலிருந்து நடத்தும் இணைய வானொலியில் அவள் பாட ஏற்பாடாகியிருந்தது. அவர்கள் எதையும் சேமித்து வைப்பதில்லை. காற்றில் போனால் போனதுதான்.

நான் ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் ஸ்பீக்கர் முன்னால் செல்போனை நிமிர்த்தி வைத்துக் காத்திருந்தேன். எதிர்வீட்டு தேவராஜ் எட்டிப் பார்த்தான். ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியன்.

"இன்னா அண்ணாத்தே, இப்டி வச்சிகினு கீற? அண்ணி பாட்டோட பக்கத்து ஊட்டு குக்கர் விசிலும் ஏறும். நெட்ல வர்றத அப்டியே கம்ப்யூட்டர்ல இறக்கு."

அதற்கான மென்பொருளை அவனே போட்டுக் கொடுத்தான். அரை மணி நேரம்... நெட் அறுந்துவிடக் கூடாதே என்று முருகா முருகா என்று உட்கார்ந்திருந்தேன். அறுபடவில்லை.

எங்கள் வீட்டில் புதுசாக எது வந்தாலும் முதலில் சாமிக்கு. ஃபைலைப் பென்டிரைவில் ஏற்றி, குங்குமப் பொட்டு வைத்து, முருகன் படத்தடியில் வைத்தேன்.

அதோடு விட்டேனா? சனிக்கிழமை முழுக்க வெட்டினேன். விளம்பரத்தை வெட்டி ஒரு சேவ். இருமலை வெட்டி ஒரு சேவ். சத்தத்தைக் கூட்டி ஒன்று, குறைத்து ஒன்று... எல்லாம் அதே ஃபைலின் மேலேயே. ஒவ்வொரு சேவுக்கும் ஒலி மறுபடி சுருங்கி நசுங்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஞாயிறு மதியம் போட்டால் – தகர டப்பாவுக்குள்ளிருந்து பாடுகிறாள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். பையில் துணி அடுக்கிக்கொண்டே, "பாட்டப் போடுங்க, ஒருவாட்டி கேட்டுட்டுக் கிளம்பலாம்" என்றாள் சரசு.

அவளுக்குத் தெரியாமல், கம்ப்யூட்டர் இருக்கும் முன்னறைக்குத் தேவராஜைக் கூட்டிவந்தேன்.

"மொத ஃபைலு எங்க?"

"அதுலதான் வெட்டினேன்."

"காப்பி எடுக்கல?"

அப்போதுதான் பூஜை அலமாரி ஞாபகம் வந்தது. ஓடிப்போய் எடுத்து வந்தேன். செருகினான். கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லை. மறுபடி செருகினான். ஊஹூம். கழற்றி வெளிச்சத்தில் பார்த்தான் – செருகும் வாய் முழுக்கக் குங்குமம்.

"நெத்தி எது, வாயி எதுன்னு பாத்து பொட்டு வைக்கமாட்டியா நைனா?"

பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, ஊதி, செருகினான். மூன்றாம் முறை... திறந்தது.

சரசு கட்டிலில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டாள். "இருமுனதுகூட நல்லா கேக்குதே. அத வெட்டியிருக்கலாம்ல?"

"மனசு வரல" என்றேன். பொய்.

இன்று நன்றாகப் பேசுகிறாள். பாட்டு மட்டும் திரும்பவில்லை. வெள்ளிதோறும் அந்த ஃபைல்தான் எங்கள் வீட்டில் பாடுகிறது, இருமலோடு.

சரசு, மன்னித்துவிடு. மற்றவர்கள் இந்தப் பத்தியை நாலு பேருக்கு அனுப்புங்கள் – ஒரு வார்த்தை மாற்றாமல். வெட்டியே தீரவேண்டுமென்றால்... காப்பி எடுத்துக்கொண்டு வெட்டுங்கள்.