ஏரியில் விடாத மீன்

நான் ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் இருந்தேன். முதலாளி சேலத்துக்காரர். வருகிறவர்கள் நின்று படம் எடுக்கட்டும் என்று வரவேற்பறையில் கண்ணாடித் தொட்டி வைத்து, தங்க மீன்களோடு அலிகேட்டர் கார் என்ற மீனின் குஞ்சு ஒன்றையும் விட்டார். முதலை போல நீண்ட வாய், அது நிறைய ஊசிப் பற்கள். தங்க மீன்களை ஒவ்வொன்றாக விழுங்கிவிட்டு அது மட்டும் மிஞ்சியது.

அதற்குத் தீனி போடும் வேலை என் தலையில் விழுந்தது. ஜிலேபி கெண்டையை நறுக்கி இடுக்கியில் நீட்டுவேன். அது என்னை அன்போடு பார்த்தது என்றெல்லாம் சொல்லமாட்டேன். பசித்தால் வரும், தின்றால் போய்விடும். அந்த ஒளிவுமறைவற்ற குணம் எனக்குப் பிடித்திருந்தது.

கை நீளத்துக்கு வளர்ந்ததும் அதனால் தொட்டிக்குள் திரும்ப முடியவில்லை. கண்ணாடியில் இடித்து இடித்து மூக்கு புண்ணானது. ஒரு நாள் அதைப் பார்த்து ஒரு குழந்தை வீறிட்டு அழ, அந்தக் குடும்பமே அறை வேண்டாம் என்று போய்விட்டது. முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“இத ஏரியில விட்டுட்டு வாம்மா.”

“ஏரியில விடக்கூடாதுங்க. அங்கிருக்கிற மீனையெல்லாம் தின்னு தீத்துரும். அப்புறம் யாராலயும் அதைப் புடிக்க முடியாதுங்க.”

“எல்லாரும் அப்படித்தாம்மா விடுறாங்க.”

“எல்லாரும் விடட்டுங்க. நான் விடமாட்டனுங்க.”

அவரிடம் அதுவரை எதற்கும் மறுப்புச் சொன்னதில்லை. சொன்னதும் காதெல்லாம் சூடாகிவிட்டது.

“அப்ப நீயே கொண்டு போய் என்னமோ பண்ணிக்க. நாளைக்கு இது இங்க இருக்கக்கூடாது.”

என் கணவர் பக்கத்து மஞ்சக்குட்டை கிராமத்துக்கு ஜீப் ஓட்டுகிறவர். வந்து பார்த்தார்.

“ஏம்புள்ள, கொழம்பு வெச்சா ஊரே திங்கலாமே?”

என் முகத்தைப் பார்த்ததும் பேச்சை விட்டுவிட்டு ஜீப்பிலிருந்து பிளாஸ்டிக் டிரம்மை இறக்கினார். ஈரப் போர்வையில் சுற்றித் தூக்கும்போது மீன் வாலால் அவர் நெஞ்சில் ஓங்கி ஓர் அறை விட்டது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் எப்போதோ காப்பிப் பழம் அலசக் கட்டிய சிமெண்ட் தொட்டி, மழைத்தண்ணீர் நிறைந்து கிடந்தது. அதில் விட்டோம். மீன் மூலைவரை போய், எதிலும் இடிக்காமல் திரும்பி வந்தது. மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டு மறுபடியும் போனது.

கோயிலில் பார்த்த பெண்கள் என்னைச் சும்மா விடவில்லை. “ஏனுங்க, புள்ளகுட்டி நடமாடுற எடத்துல மொதலையையா வளத்துவாங்க?” தொட்டிக்கு இரும்பு வலை போட்டுப் பூட்டு மாட்டினேன். “இங்க நான் காவலிருக்கனுங்க. ஏரிக்கு யாரு காவல்?” என்றேன். மார்கழிக் குளிரில் அது தீனி எடுக்காமல் கட்டை போல அடியில் கிடந்தபோது எனக்கே பயம் வந்தது. தார்ப்பாய் கட்டிக் காத்தோம். வெயில் திரும்பியதும் இடுக்கியோடு சேர்த்துக் கடித்தது.

கோடையில் முதலாளி காரில் எங்கள் வீட்டுக்கே வந்து இறங்கினார். வருகிறவர்கள் எல்லாம் முதலை மீன் எங்கே என்று கேட்கிறார்களாம்.

“தொட்டிய பெருசா செஞ்சுட்டேம்மா. மீன எடுத்துக்கறேன்.”

“எம்புட்டுப் பெருசுங்க?”

இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

“அதுல இன்னிக்கே இது திரும்ப முடியாதுங்க.”

“அது என் மீனும்மா.”

“நீங்க ஏரியில விடச் சொன்ன மீனுங்க. விட்டிருந்தா இப்ப ஏரிகிட்டப் போய்த் திருப்பிக் கேப்பீங்களா?”

அவர் முகம் கறுத்தது. “நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம்.”

“சரிங்க.”

முதலாளி மீன் இல்லாமலே திரும்பிப் போனார். வேலை போனதற்காகக் கணவர் கொஞ்ச நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. ஆனாலும் போய் மன்னிப்புக் கேள் என்று அவர் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் போயிருக்கமாட்டேன்.

இப்போது ஒண்டிக்கடை ரவுண்டானாவில் ஒரு பேக்கரியில் கல்லாவில் இருக்கிறேன். விஷயம் தெரிந்தவர்கள் வந்து, “எங்க ஊட்டு மீனு நொம்பப் பெருசாயிருச்சுங்க, ஏரியில விட்டுரலாமுங்களா?” என்று கேட்கிறார்கள்.

“எவ்வளவு வளரும்னு வாங்கறப்பவே கேட்டிருக்கோணுங்க. வாங்கிட்டீங்கல்ல, வெச்சுக் காப்பாத்துங்க” என்பேன்.

கோபித்துக்கொண்டு கேக்கை வாங்காமல் போனவர்களும் உண்டு. போகட்டும்.