ஒற்றைத் திரி

தூத்துக்குடி பழைய துறைமுகத்தின் ஓரம், தோணிகளைக் கரையேற்றிப் பழுது பார்க்கும் இடத்தில் பவுலைத் தேடிப் போனால், ஆளைப் பார்ப்பதற்கு முன் அவருடைய கொட்டாப்புளியின் சத்தம் காதில் விழும். தோணியின் இரண்டு பலகைகளுக்கு நடுவிலுள்ள இடுக்கில் எண்ணெயில் தோய்த்த பஞ்சுத் திரியை வைத்து, உளியால் அழுத்தி, அந்த மரச்சுத்தியலால் அடித்து இறக்குவார். மேலே குங்கிலியப் பூச்சை இழுத்து விடுவார். கலப்பத்து என்று இந்த வேலைக்குப் பெயர். திரி நன்றாக இறங்கினால் அடி கணீரென்று தெறிக்கும். இறங்காவிட்டால் ஈரச்சாக்கில் அடித்தது போல அமுங்கிப் போகும். பவுலின் அடி நாள் முழுக்கத் தெறித்துக்கொண்டிருக்கும்.

அவருக்கு இப்போது ஐம்பது வயது. முப்பத்தொன்பது வரைக்கும் அவர் உளியைத் தொட்டதில்லை. மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கலும் ஏற்றிப் போகும் தோணிகளில் இஞ்சினைப் பார்த்துக்கொள்ளும் டிரைவராக இருந்தார். கடைசியாக அவர் போன தோணிக்குத் தண்டல், அதாவது தலைமை மாலுமி, கஸ்பார். புறப்படும் முன்னரே பவுல் மூன்று தடவை சொன்னார், அடித்தண்ணீரை இறைக்கும் பம்பு சரியாக இழுக்கவில்லை, ஒரு நாள் பொறுத்துப் போகலாம் என்று. "ஒரு நாளா? சரக்குக்காரன் என் உசுர எடுப்பான். போற வழியில பாத்துக்கிடலாம்லே" என்றார் கஸ்பார். இரண்டாம் நாள் மதியம் இஞ்சின் அறையில் தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது. மாலையில் தோணி கடலுக்குள் போனது. அந்த வழியாக வந்த ஒரு கப்பலில் இருந்தவர்கள் ஒன்பது பேரையும் உயிரோடு தூக்கிவிட்டார்கள்.

விசாரணையில் கஸ்பார் ஒரே ஒரு வரி சொன்னார்: "டிரைவர் தூங்கிட்டான்." மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அடுத்த தோணியிலும் கஸ்பார்தான் தண்டலாக வருவார் என்று அவர்களுக்குத் தெரியும். அதோடு பவுலின் கடல் முடிந்தது. எந்தத் தோணிக்காரரும் அவரைக் கூப்பிடவில்லை.

கஸ்பாருக்கோ அதற்குப் பிறகுதான் எல்லாம் கூடி வந்தது. ஐந்தே வருஷத்தில் சொந்தத் தோணி. மாடி வீடு. மாதா கோயில் திருவிழாவில் கொடியேறும்போது சாமியாருக்கு அடுத்து நிற்கிற ஆள் அவர்தான். கெட்டவர்கள் புல்லைப் போலச் சீக்கிரம் காய்ந்துபோவார்கள் என்று பூசையில் வாசிக்கும்போதெல்லாம் பவுலின் கண் தானாக முன் வரிசைக்குப் போகும். அங்கே கஸ்பார் வெள்ளைச் சட்டையில் பளபளவென்று உட்கார்ந்திருப்பார். காய்கிற அறிகுறியே தெரியாது.

பவுல் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் தினமும் சாயங்காலம் வீட்டில் ஜெபமாலை முடிந்ததும், மனைவி ஆக்னஸும் மகள் சுஜிதாவும் எழுந்த பிறகு, கண்ணை மூடி இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். பக்தி என்று ஆக்னஸ் நினைத்துக்கொண்டாள். அவர் கேட்டதோ ஒன்றே ஒன்று. 'ஆண்டவரே, அவன் தோணி தாழணும். எனக்கு ஆனது அவனுக்கும் ஆகணும்.' பதினோரு வருஷம், ஒரு நாள் தவறாமல்.

அந்தப் பதினோரு வருஷத்தில் அவருக்குக் கிடைத்தவை கொஞ்சமல்ல. கிருபாநிதி மேஸ்திரி, வயதைப் பார்க்காமல் உளியைக் கையில் கொடுத்தார். மகள் கோயிலில் புது நன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கியபோது பவுல் கரையில் இருந்தார். ஆக்னஸுக்கு டைபாய்டு வந்து இருபது நாள் கிடந்தபோது கஞ்சி காய்ச்ச அவர் இருந்தார். சுஜிதா இப்போது நர்சிங் இரண்டாம் வருஷம். இதற்கெல்லாம் அவர் நன்றி சொல்லாமல் இல்லை, வாயால் சொன்னார். ஆனால் கடைசியில் கண்ணை மூடினால் அந்த ஒன்றுதான் வரும்.

இந்த வருஷம் ஜூலையில், கடல் கொந்தளிப்பால் தோணிகள் ஓடாத மாதத்தில், கஸ்பாரின் தோணி கலப்பத்துக்காகக் கரையேறியது. ஒப்பந்தம் கிருபாநிதி மேஸ்திரிக்கு.

"ஏலே பவுலு, உனக்கு வேண்டாம்னா சொல்லு. வேற தோணிக்கு மாத்தி விடுதேன்" என்றார் மேஸ்திரி.

"இருக்கட்டும் மேஸ்திரி. எல்லாம் பலகைதான."

ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவருக்கே அப்போது விளங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் விளங்கியது. தோணியின் வயிற்றுக்கடியில் மல்லாந்து படுத்து, பின்பக்கம் ஒரு இடுக்கை அடைத்துக்கொண்டிருந்தார். நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் இடுக்கில் இரண்டு திரி இறக்க வேண்டும். ஒரு திரியை இறக்கினார். இரண்டாவதை எடுக்கப் போன கை நின்றது. ஒரு முழ நீளத்துக்கு ஒற்றைத் திரியின் மேலேயே பூச்சை இழுத்து விட்டார். பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அதன் மேல் பெயிண்டும் ஏறிவிட்டால் அடித்தவனுக்கே தெரியாது. பதினோரு வருஷமாகக் கேட்டது கைக்கு எட்டிவிட்டது போல இருந்தது.

மதியம் இசக்கிச்செல்வி தூக்குவாளியோடு வந்தாள். அவள் கணவன் சத்தியராஜ்தான் இந்தத் தோணிக்குப் புது டிரைவர். மேலே இஞ்சினைப் பிரித்துக் கழுவிக்கொண்டிருந்தான். சோற்றை ஏணி வழியாக ஏற்றிக் கொடுத்துவிட்டு, பவுல் உட்கார்ந்திருந்த நிழலுக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, நீங்கதான் அடைக்கீகன்னு சொன்னாக. அதக் கேட்ட பெறகுதான் எனக்கு உசுரே வந்துச்சு."

"ஏன், மத்தவன் அடிச்சா ஒழுகுமாக்கும்?"

"ஒழுகாது. ஆனா நீங்க அடிச்சா நான் தூங்குவேன்லா. அவுக படுக்கிற எடம் இஞ்சினுக்குப் பக்கத்துல, கரெக்டா அந்தப் பலகைக்கு மேலதான்." விரலை நீட்டிக் காட்டினாள். "பொட்டப்புள்ள ரெண்டையும் வச்சிக்கிட்டு நான் கரையில இருக்கணுமே. சாமி மேல பாரத்தப் போட்டிருக்கேன், பாதிய உங்க மேலயும் போட்டுட்டேன், கோவிச்சுக்கிடாதீக."

மேலேயிருந்து சத்தியராஜ் எட்டிப் பார்த்தான். "ஏளா, அண்ணாச்சிய வேல பாக்க விடு. உன் பேச்சுல தோணி ஓட்ட விழுந்துரப்போவுது."

அவள் சிரித்துக்கொண்டே போனாள். பவுல் தன் சோற்றுச் சட்டியைத் திறந்தார். இஞ்சின் அறையில் தண்ணீர் ஏறினால் பழி முதலில் யார் தலையில் விழும் என்று அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. டிரைவர் தூங்கிவிட்டான் என்பார்கள். அதுவும் சத்தியராஜ் கரை திரும்பி வந்தால். கஸ்பாரோ தோணியில் ஏறுவதையே விட்டு நாலு வருஷம் ஆகிறது. அன்றைக்கு மாடியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருப்பார்.

தோணியின் அடிவயிற்றைப் பார்த்தார். அந்த ஒரு முழம் மட்டும் அல்ல, பதினோரு வருஷத்துச் சாயங்காலங்களும் சேர்ந்து தெரிந்தன. 'அவன் தோணி தாழணும்' என்று கேட்ட ஒவ்வொரு நாளும் அந்தத் தோணியில் ஒன்பது பேர் இருந்தார்கள். ஆண்டவர் அவர் ஜெபத்தைக் கேட்டிருந்தால் கேட்ட அன்றே ஒன்பது வீட்டில் ஒப்பாரி. களையைப் பிடுங்கினால் கூடவே பயிரும் வந்துவிடும் என்று அறுப்பு வரைக்கும் பொறுத்த வயல்காரரின் கதையை அவர் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை கேட்டிருக்கிறார். தான் பயிர் என்பதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை. இன்று காலை கையில் உளியோடு படுத்திருந்தவன் யார்?

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுத் தோணிக்கடியில் புகுந்தார். பூச்சைச் சுரண்டினார். ஒற்றைத் திரியைப் பிடுங்கி எறிந்தார். புதுத் திரி ஒன்றை வைத்து அடித்துக்கொண்டிருந்தபோது ஒரு ஜோடித் தோல் செருப்பு வந்து பக்கத்தில் நின்றது.

"என்ன பவுலு, முடிஞ்ச வேலைய நோண்டுத?" கஸ்பார் குனிந்து பார்த்தார். பதினோரு வருஷத்தில் அவர் நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு இதுதான்.

"சரியா அடிக்கல. தப்பு எம்மேலதான்."

கஸ்பார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "உன் வேலையில தப்பு வராதேன்னு நெனச்சேன்" என்றார். அதைக் கேலியாகச் சொன்னாரா, வேறு எதையாவது நினைத்துச் சொன்னாரா என்று பவுலுக்குத் தெரியவில்லை. மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. செருப்பு நகர்ந்து போனது. பவுல் இரண்டாவது திரியையும் வைத்து அடித்தார். அடி கணீரென்று தெறித்தது.

செப்டம்பரில் தோணி மாலத்தீவுக்குப் புறப்பட்டது. அன்று சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் பவுல் கண்ணை மூடவில்லை. வாய்விட்டே சொன்னார். சத்தியராஜில் தொடங்கி எட்டுப் பேரின் பெயர். ஒன்பதாவது, இந்தத் தடவை தண்டலாகப் போயிருக்கும் ஜெனோ. கஸ்பாரின் மகன். அந்தப் பெயருக்கு முன் நாக்கு கொஞ்சம் நின்றது. பிறகு அதையும் சொன்னார். கடைசியில், "பதினோரு வருஷமா நான் கேட்டதக் குடுக்காம வச்சிருந்ததுக்கு நன்றி ஆண்டவரே" என்றார்.

ஆக்னஸ் திரும்பிப் பார்த்தாள். "அப்படி என்ன கேட்டீக?"

சொன்னார். ஒற்றைத் திரியையும் சேர்த்துச் சொன்னார். அவள் கையிலிருந்த ஜெபமாலையை மடியில் வைத்தாள்.

"நானும் அதத்தான் கேட்டேன்."

"நீயா?"

"பொறவு? நீங்க பக்தியா உக்காந்திருக்கீக, இந்த மனுசனுக்கு இருக்கிற பொறும எனக்கு இல்லியேன்னு அடுப்படியில நின்னு அழுவேன். அழுதுட்டு அதையே கேப்பேன்."

பவுலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. அடக்க அடக்கக் கூடியது. உள்ளறையிலிருந்து சுஜிதா புத்தகத்தோடு வந்து, "ஜெபத்துல அப்படி என்ன சிரிப்பு?" என்றாள்.

"ரெண்டு பேரும் ஒரே மனுவ அனுப்பியிருக்கோம். நல்ல வேள, ரெண்டையும் அவர் கெடப்புல போட்டுட்டார்" என்று சொல்லிவிட்டு ஆக்னஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்த ஒம்பது பேரையும் இன்னொரு தடவ சொல்லுங்க. நானும் கூடச் சொல்லுதேன்."