காளிதாஸின் இரண்டு புள்ளி

மலாக்கா டவுனில் ஒரு தனியார் கல்லூரி. அங்கே விளையாட்டுச் சாமான் அறைக்குப் பொறுப்பு காளிதாஸ். பந்துக்குக் காற்றடிப்பான், ஜெர்சியை எண்ணிக் கொடுப்பான், பூப்பந்து வலையில் ஓட்டை விழுந்தால் முடிச்சுப் போடுவான். நாற்பத்து நான்கு வயதில் உத்தியோகம் இவ்வளவுதான். ஆனால் கல்யாண வீட்டில் யாராவது "என்னா வேல செய்றீங்க?" என்று கேட்டுவிட்டால் நெஞ்சை நிமிர்த்தி, "கோச்," என்பான். என்ன கோச் என்று அடுத்த கேள்வி கேட்டவர் தொலைந்தார். பந்தி முடிந்து கை கழுவும்வரை விட மாட்டான்.

அவன் பயிற்சி கொடுத்தது ஃபிளாக் ஃபுட்பாலுக்கு. அமெரிக்கர்கள் தலையில் கவசம் மாட்டிக்கொண்டு முட்டி மோதுகிறார்களே, அந்த ஆட்டத்தின் சாதுவான தம்பி இது. பக்கத்துக்கு ஐந்து பேர், ஆணும் பெண்ணும் கலந்து ஆடலாம். இடுப்பில் இரண்டு நாடா தொங்கும். பந்து வைத்திருப்பவரின் நாடாவை உருவிவிட்டால் ஓட்டம் அங்கேயே நிற்கும். பந்தோடு கடைசிக் கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி. அதற்குமேல் கொசுறாக ஒரு முயற்சி உண்டு. ஐந்து கஜத்திலிருந்து முயன்று கோட்டைத் தாண்டினால் ஒரு புள்ளி, பத்து கஜத்திலிருந்து முயன்றால் இரண்டு. எது வேண்டும் என்று அணிதான் முடிவு செய்ய வேண்டும். இந்தக் கொசுறில்தான் காளிதாஸ் தன் மேதைமையைக் கண்டெடுத்தான்.

அமெரிக்காவில் சனிக்கிழமை மாலை ஆடுகிற கல்லூரி ஆட்டங்கள் இங்கே ஞாயிறு காலையில் கணினியில் வரும். மனைவி தேவிஸ்ரீ பாசாருக்குக் கூடையோடு நின்றுகொண்டிருப்பாள். இவன் "ஒரு நிமிசம்லா" என்று சொல்லி, நல்ல மீனெல்லாம் தீர்ந்துபோகும்வரை உட்கார்ந்திருப்பான். அந்த ஊர்ப் பயிற்சியாளர்கள் ஓர் அட்டையைப் பார்த்து ஒன்றா இரண்டா என்று முடிவெடுப்பதைக் கண்டதும் இவனுக்கு ஞானம் பிறந்தது. இணையத்திலிருந்து ஒன்றை இறக்கி, லேமினேட் செய்து, கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். எத்தனை புள்ளி முந்தினால், பின்தங்கினால் எத்தனைக்குப் போகலாம் என்று அதில் கட்டம் கட்டமாக இருக்கும். பதினோரு பேர் ஆடி, பந்தை உதைத்து ஒரு புள்ளி எடுக்கிற ஆட்டத்துக்குப் போட்ட கணக்கு அது. ஐந்து பேர் ஆடுகிற நாடா ஆட்டத்துக்குப் பொருந்துமா என்று அணித்தலைவி திவ்யதர்ஷினி ஒருநாள் கேட்டாள்.

"அமெரிக்காகாரன் என்னா முட்டாளா?" என்றான் காளிதாஸ். அவ்வளவுதான் பதில்.

அமெரிக்காவைப் பற்றி இவ்வளவு தெரிந்தவனுக்கு மெர்லிமாவைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதாவது, தெரியாததுபோல் நடப்பான். பிறந்தது மெர்லிமாவுக்கு உள்ளே ஒரு செம்பனைத் தோட்டத்தில், ஐந்தாவது லயத்து வரிசை வீட்டில். அப்பா வீரமுத்து குலை வெட்டிச் சாப்பாடு போட்டவர். அவர் போய்ச் சேர்ந்தபிறகும் அம்மா கருப்பாயி அங்கேதான் இருந்தார். கல்லூரியில் யார் கேட்டாலும் இவன் "நான் டவுன்லா," என்பான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற இந்த வேலையை இருபது வருஷமாகச் சலிக்காமல் செய்துவந்தான். மைதானத்தில் யாராவது பந்தைத் தவறவிட்டால் இவன் வாயில் வருகிற முதல் வசவு, "தோட்டத்துப் புத்தி!" தீபாவளிக்குக்கூட மூன்று வருஷமாகத் தேவிஸ்ரீயைத்தான் பிள்ளைகளோடு அனுப்பினான்.

ஞாயிறு காலையில், சரியாக ஆட்டம் சூடு பிடிக்கிற நேரத்தில், கருப்பாயி போன் பண்ணுவார். இவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணைக் கணினியில் வைத்திருப்பான்.

"நம்ம கடைக்காரரு புள்ள காலேஜு போயிருச்சுப்பா. அதுவும் உன்ன மாரியே இடுப்புல ரிப்பன் கட்டிக்கிட்டு என்னமோ பந்து வெளாடுதாம்."

"ம்ம்."

"நான் தூக்கி வளத்த புள்ள. நேத்து கடைக்குப் போனப்ப காலத் தொட்டுக் கும்புடுது."

"ம்ம்."

"உன் ஆட்டத்தப் பாக்க ஒருநாளைக்கு வரட்டாப்பா?"

இதற்கு மட்டும் இவனுக்கு உடனே காது கேட்டது. "வேணாம்மா. வெயிலு. உனக்கு ஆவாது." வெயிலா காரணம்? கைலியும் வெற்றிலைச் சிவப்புமாக அம்மா வந்து மைதானத்தில் உட்கார்ந்தால் 'டவுன்' என்ன ஆவது? சொந்த அம்மாவைப் பார்த்து வெட்கப்படுகிறவனை என்ன சொல்லி ஏசுவது என்றே எனக்குத் தெரியவில்லை.

இந்த வருஷம் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் இவன் அணி எப்படியோ இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. எப்படியோ என்ன, திவ்யதர்ஷினியின் கையால் வந்தது. பந்தை எறிகிறவள் அவள்தான். விளையாட்டுப் பிரிவுத் தலைவர் மணியம், காளிதாஸைக் கூப்பிட்டார்.

"காளி, கப்பு வந்துச்சுன்னா உன் பேர கோச்சுன்னு போட்டு லெட்டர் தர்றேன். வரலன்னா, அடுத்த வருசத்துக்கு டிகிரி படிச்ச ஆளு ஒன்னு வருது. நீ ஸ்டோர மட்டும் பாத்துக்க."

அன்று மாலையே காளிதாஸ் கடைக்குப் போய், வராத கடிதத்துக்குக் கண்ணாடிச் சட்டம் வாங்கி வந்து சுவரில் ஆணியும் அடித்தான்.

மைதானத்தில் ஒவ்வொரு ஆட்டத்தையும் அவன்தான் சொல்ல வேண்டும், ஓரத்தில் நின்று. வேறு யாராவது சொன்னால் கோச் என்று எப்படித் தெரியும்? முதலில் கைச்சாடை வைத்தான்; வைத்தவனுக்கே மறந்துபோனது. பிறகு ஒரு யோசனை கண்டுபிடித்தான். "நம்ம அஞ்சு பேரும் தமிழு. எதுருல நிக்கறவன் சீனன், மலாய்க்காரன். தமிழ்லயே கத்துனா எவனுக்கு வெளங்கும்? இதவிட பெரிய ரகசியம் ஒலகத்துலயே இல்லலா!" பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிடுமாம்.

இறுதி ஆட்டம் ஒரு சனிக்கிழமை பிற்பகல். எதிரணி மஞ்சள் ஜெர்சி. அதில் ஒரு சீனப் பெண், முதுகில் ஏழாம் எண், குதிரைவால் சடை. முதல் பாதியில் திவ்யா எறிந்த பந்தைப் புவனேஷ் பிடித்து ஓடி ஆறு புள்ளி எடுத்தான். ஒன்று எடுத்தால் போதும் என்று பிள்ளைகள் நினைத்தார்கள். காளிதாஸ் அட்டையைப் பார்த்தான். ஆறு முன்னால் இருக்கும்போது ஒன்றுக்குப் போ என்றுதான் அதில் இருந்தது. ஆனால் கூட்டத்தில் மணியம் உட்கார்ந்திருந்தார். இரண்டு விரலைக் காட்டினான்.

"திவ்யா, நடுவுல ஓடு! யாருக்கும் எறியாத, நீயே ஓடு!"

திவ்யா ஓடினாள். ஏழாம் எண் ஏற்கெனவே நடுவில் வந்து நின்று, வாசலில் காய்கிற துணியை எடுப்பதுபோல அவள் இடுப்பு நாடாவை உருவிக்கொண்டு போனாள்.

இடைவேளையில் திவ்யா வந்தாள். "சார், இனிமே கத்தாதீங்க. நாங்களே கூடிப் பேசிக்கிறோம். அந்த ஏழாம் நம்பருக்குத் தமிழ் தெரியுது."

காளிதாஸ் சிரித்தான். "சீனப் புள்ளைக்குத் தமிழா? நல்லா சொன்ன போ."

"எங்க ஊரு கோலா சுங்கை பாருல மீன் விக்கிற சீன ஆண்ட்டி தமிழ்லதான் சார் பேரம் பேசுவாங்க. நீங்க பந்து எங்கன்னு சொன்னதும் அது கண்ணு அங்க போவுது. நான் பாத்தேன்."

"நான் பொறக்கறப்பவே டவுனு. எனக்குத் தெரியாததா? ஆட்டம் கத்துக்குடுக்க வந்தது நானா நீயா?"

தோட்டத்துக் கடையில் சீன முதலாளியான தவுக்கேயிடம் தமிழில் கெஞ்சிக் கடன் மிட்டாய் வாங்கித் தின்று வளர்ந்தவன் சொன்ன பேச்சு இது. பொய்யை அடுத்தவனிடம் சொல்லிச் சொல்லி, கடைசியில் தானே நம்பிவிட்டான்.

இரண்டாம் பாதியில் மஞ்சள் அணி இருமுறை கோட்டைத் தாண்டி, ஒரு கொசுறையும் எடுத்துப் பதின்மூன்று ஆனது. முடிகிற கடைசி வினாடியில் திவ்யா இன்னொரு முறை எறிந்தாள்; புவனேஷ் விழுந்து புரண்டு பிடித்தான். பன்னிரண்டு. இனி ஒரு புள்ளி எடுத்தால் சமம், ஆட்டம் நீளும். இரண்டு எடுத்தால் கப்பு.

இரண்டுக்குப் போனதைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகளுக்கும் அந்தத் தைரியம் இருந்தது. திவ்யா மற்ற நால்வரையும் கூட்டி மெதுவாக ஏதோ பேச ஆரம்பித்தாள். காளிதாஸுக்குப் பொறுக்கவில்லை. கப்பு வந்தால் அவள் சொன்ன ஆட்டத்தால் வந்தது என்று ஆகிவிடாதா? கோட்டோரம் ஓடிப்போய், கையை வாயருகே குவித்துக்கொண்டு மைதானம் அதிரக் கத்தினான்.

"திவ்யா! நான் சொல்றதுதான் ஆட்டம்! வலது பக்கம் எறியற மாரி ஏமாத்து! பந்து எடது மூலைக்கு, புவனேஷுக்கு!"

திவ்யா ஒரு கணம் அவனைப் பார்த்தாள். பிறகு, கோச் சொன்னபடியே செய்தாள். வலது பக்கம் கையை ஓங்கினாள். மஞ்சள் அணியில் மூன்று பேர் ஏமாந்தார்கள். ஏழாம் எண் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புவனேஷுக்கு முன்னாலேயே இடது மூலைக்குப் போய் நின்று, தன் வீட்டுக்கு வந்த பார்சலைப்போலப் பந்தை வாங்கிக்கொண்டாள். ஆட்டம் முடிந்த விசில் ஒலித்தது.

காளிதாஸ் நேரே புவனேஷிடம் பாய்ந்தான். "ஒரு பந்தப் புடிக்க வக்கில்ல! தோட்டத்துப் புத்தி எங்கடா போவும்?"

கைகுலுக்க வந்த ஏழாம் எண் அங்கேயே நின்றாள்.

"நானும் தோட்டந்தான் அங்கிள்," என்றாள், மெர்லிமாவ் மண் ஒட்டிய தமிழில். "மெர்லிமாவு. ஆ ஹெங் கடை. அப்பாவும் அம்மாவும் கடையப் பாத்துக்கிட்டா, என்னய கருப்பாயி அம்மாதான் பாத்துக்குவாங்க. தமிழு அவங்க குடுத்தது. நீங்க அவங்க மகன்தானே? அஞ்சாவது லயம்? உங்க போட்டோவ வரவங்க போறவங்ககிட்டல்லாம் காட்டுவாங்க."

மணியம் இரண்டடி தள்ளித்தான் நின்றார். எல்லாம் கேட்டது. "டவுனுன்னு சொன்ன?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "திங்கக்கெழமலேர்ந்து ஸ்டோர மட்டும் பாத்துக்க. கோச் வேலைக்கு வேற ஆளு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

"கருப்பாயி அம்மாவும் வந்திருக்காங்க அங்கிள். எங்க அப்பா வேன்ல." ஏழாம் எண் கையைக் காட்டினாள்.

மஞ்சள் அணிக்காரர்கள் உட்கார்ந்திருந்த கூடாரத்திலிருந்து, தலையில் யாரோ மாட்டிவிட்ட மஞ்சள் தொப்பியோடு, கைலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கருப்பாயி வந்துகொண்டிருந்தார். முகமெல்லாம் வெற்றிலைச் சிரிப்பு. வந்ததும் தண்ணீர் போத்தலை மகன் கையில் திணித்தார்.

"குடிப்பா, தொண்ட கட்டியிருக்கும். என்னா சத்தம்! நீ பந்த எங்க போடச் சொல்றன்னு, ஒன்னுந் தெரியாம அங்க உக்காந்திருந்த எனக்கே நல்லா வெளங்குச்சு."

திவ்யாவும் புவனேஷும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். காளிதாஸ் போத்தலைத் திறந்து குடித்தான்.