பெருமாள் வலப்பக்கம் மாறிய கார்

புரட்டாசிக் கூட்டம் ஓய்ந்த பிறகு திருப்பதி போக நினைக்கிறவர்களுக்குக் குடிபாலா, சித்தூர் வழியாக ஒரு நல்ல பாதை இருக்கிறது. ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை நான் அப்படித்தான் போனேன். சாமி கும்பிடுவது எனக்கு இரண்டாவது வேலை. முதல் வேலை, என் நைனாவின், அதாவது அப்பாவின், காருக்கு ஏர்பேக் மாட்டுவது.

கொஞ்சம் முன்கதை சொல்ல வேண்டும். நைனா குடிபாலாவில் வாடகைக் கார் ஓட்டுகிறார். முக்கால்வாசி சவாரி திருப்பதிக்குத்தான். இந்த வருஷ மாங்காய் சீசனில், சித்தூரில் ஒரு மாங்கூழ் ஃபேக்டரி வாசலில் வரிசையாக நின்ற டிராக்டர்களில் கடைசி டிராக்டரின் பின்னால் இடித்துவிட்டார். முன்பக்கத்து ஏர்பேக் இரண்டும் விரிந்தன. மூக்கில் ஒரு கீறலோடு இறங்கி வந்தார். ஏர்பேக் ஒரு தடவைதான் உதவும். அப்புறம் புதிதுதான் போட வேண்டும். போனில் கேட்டபோது, "ஒண்ணுதான் கெடச்சிச்சி கண்ணு, ஒரு பக்கம் போட்டாச்சி" என்றார். ஒரு பக்கம் என்றால் ஓட்டுகிறவர் பக்கம் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? நானும் அப்படியே நினைத்து, திருப்பதியில் ஒர்க்‌ஷாப்போடு சேர்ந்த ஒரு உதிரிபாகக் கடையில் இடப்பக்கத்து ஏர்பேக்குக்குச் சொல்லிவைத்தேன்.

எனக்குச் சென்னைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வேலை. இறக்குமதிச் சரக்குகளுக்குச் சுங்கப் பேப்பர் போடுவேன். இத்தனை கார் செய்கிற நாட்டில் ஏர்பேக் செய்ய மாட்டார்களா என்று சிநேகிதிகள் கேட்பார்கள். செய்கிறார்கள், பையை இங்கேயே தைக்கிறார்கள். ஆனால் கண்மூடித் திறப்பதற்குள் அதை ஊதவைக்கிற உலோகக் குப்பி பல மாடல்களுக்குக் கப்பலில்தான் வருகிறது. உள்ளே வெடிமருந்து அடைத்திருப்பதால் அது ஆபத்தான சரக்கு. தனிப் பேப்பர், தனிப் பரிசோதனை, தனிக் காத்திருப்பு. நான் சொல்லிவைத்தது வந்துசேர மூன்று மாதம் ஆயிற்று. விலை பதினெட்டாயிரத்து அறுநூறு.

இனி பயணம். காலை ஆறேகாலுக்குச் சென்னையில் ரயில் ஏறினால் எட்டரைக்குக் காட்பாடி. அங்கிருந்து சித்தூர் பஸ்ஸில் குடிபாலாவுக்கு முக்கால் மணி நேரம், முப்பது ரூபாய். தமிழ்நாடு முடிவதைப் பஸ்ஸில் யாரும் கவனிப்பதில்லை, கடைப் பெயர்ப் பலகை தெலுங்குக்கு மாறும்போதுதான் தெரியும்.

நைனா ரோட்டிலேயே வண்டியோடு நின்றிருந்தார். "இன்னா கண்ணு, எதுனா துன்னியா?" என்பதுதான் அவருடைய வணக்கம். முன்சீட்டில் ஏறியதும் ஒன்று கண்ணில் பட்டது. டேஷ்போர்டில் எனக்கு நேரே இருந்த சின்னப் பித்தளைப் பெருமாளைக் காணோம். பசைத் தடம் மட்டும் வட்டமாக இருந்தது. பெருமாள் இப்போது வலப்பக்கம், ஸ்டீரிங்குக்கு முன்னால் மீட்டர் மேல் உட்கார்ந்திருந்தார்.

"சாமிய ஏன் நைனா மாத்தினே?"

"அந்தப் பக்கம் வெயிலு ஜாஸ்தியா அடிக்குது. பாவம்."

நானும் நம்பிவிட்டேன்.

குடிபாலாவிலிருந்து சித்தூர் பதினைந்து கிலோமீட்டர், அங்கிருந்து திருப்பதி எழுபது. சித்தூர் தாண்டி ஒரு சின்ன ஓட்டலில் இட்லியும் வேர்க்கடலைச் சட்னியும் சாப்பிட்டோம், இரண்டு பேருக்கு நூற்றிருபது ரூபாய். சட்னியை மூன்று முறை கேட்டு வாங்கினேன், வெட்கப்படவில்லை. குடிபாலாவில் ஒன்பதே முக்காலுக்குக் கிளம்பியவர்கள் பன்னிரண்டு மணிக்கு ஒர்க்‌ஷாப்பில் இருந்தோம்.

மெக்கானிக் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்தார். மின்சாரம் மிச்சமிருந்தால் பை விரிந்துவிடுமாம். பிறகு என் சீட்டுக்கு முன்னாலிருந்த பெட்டியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"அம்மா, ஈ பக்கன உந்தி கதா!"

இந்தப் பக்கம்தான் இருக்கிறதே என்கிறார். எட்டிப் பார்த்தேன். சீரியல் நம்பரோடு புத்தம்புது ஏர்பேக். அவர் வலப்பக்கம் போய் ஸ்டீரிங்கின் நடு மூடியைக் கழற்றினார். உள்ளே ஹாரன் ஒயரும் ஒரு விரல்நகம் அளவுக்கு ரெசிஸ்டரும் மட்டும் இருந்தன. ஏர்பேக் விளக்கு எரியாமல் காரை ஏமாற்றுவதற்கு அந்த ரெசிஸ்டர்.

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. பெட்டி பெட்டியாக ஏர்பேக்குக்குப் பேப்பர் போடுகிறவள் நான். என் நைனா நெஞ்சுக்கு நேரே இத்தனை மாதம் ஒன்றுமே இல்லை.

"இன்னா நைனா இது?"

அவர் துண்டை மடித்து மடித்துப் பிரித்தார். "அந்த சீட்ல ஒக்கார்றது யாரு? ஊரு பேரு தெரியாத ஜனங்க. நம்மள நம்பிப் புள்ளகுட்டியோட வந்துக்கினு இருக்காங்க. இல்லன்னா நீ ஒக்கார்ற. நான் ஸ்டீரிங்கப் புடிச்சிக்கினு தானே இருக்கறேன், எனக்கு இன்னா?"

"சாமி?"

"பலூன் மேல எதுவும் ஒட்டக்கூடாது, விரிஞ்சா மூஞ்சில அடிக்கும்னு சித்தூரு மெக்கானிக்கு சொன்னான். அதான் என் பக்கம் கூட்டிக்கினேன். உனக்கு பலூனு, எனக்கு அவரு."

"வெயிலு அடிக்குதுன்னே?"

"அடிக்கலயா பின்ன?"

மெக்கானிக்கும் சிரித்துவிட்டார். ரெசிஸ்டரை மட்டும் கழற்றித் தரச் சொன்னேன், விளக்காவது இனி உண்மையைச் சொல்லட்டும். நான் வாங்கியது இந்த ஸ்டீரிங்குக்குப் பொருந்தாது. சீல் உடைக்காததால் கடையில் திரும்ப எடுத்துக்கொண்டு, வலப்பக்கத்துக்கு ஆர்டர் எழுதினார்கள். அதுவும் கப்பலில்தான் வர வேண்டும். சங்கராந்தி வாக்கில் வரலாம் என்றார்கள்.

அந்தக் காரை மலைமேல் கொண்டுபோக மனம் வரவில்லை. அலிபிரியில் அடிவாரத்திலேயே கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு வந்தோம். வண்டியருகே வந்ததும் சாவிக்குக் கை நீட்டினேன். எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததே அவர்தான்.

"வேணா கண்ணு. அது பலூன் இல்லாத சீட்டு."

"தெரியுதில்ல? இத்தன மாசம் அதுல நீ ஒக்கார்ந்தியே?"

நைனா சொந்தக் காரில் முதல் தடவையாக இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தார். நான் ஐம்பதைத் தாண்டவில்லை. எதிரே லாரி வரும்போதெல்லாம் அவருடைய வலது கால் வெறும் கால்மிதியைப் போட்டு அழுத்தியது, பிரேக் அங்கே இருப்பது போல. பித்தளைப் பெருமாள் என் முன்னால் ஆடாமல் இருந்தார். அன்று அவரைக் கும்பிட்ட மாதிரி நான் மலைமேல் வரிசையில் நின்றும் கும்பிட்டதில்லை. வீடு வந்துசேர மூன்று மணி நேரம் ஆயிற்று.

இந்த வழியில் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். சனிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், அலிபிரியில் வண்டி நிறுத்தவே அரை மணி ஆகும். பழைய கார் வாங்கினால், சாவி திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். அதை மட்டும் நம்பாதீர்கள், எங்கள் காரில் ஒழுங்காகத்தான் எரிந்து அணைந்தது. இடித்த வண்டி என்றால் மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், சீரியல் நம்பர் போட்ட பில்லைக் கேளுங்கள். டேஷ்போர்டில் ஏர்பேக் மூடிமேல் எதையும் ஒட்டாதீர்கள், சாமியாகவே இருந்தாலும்.

ஞாயிறு மதியம் நான் திரும்பிக்கொண்டிருந்தேன். ரயில் அரக்கோணம் தாண்டும்போது நைனா கூப்பிட்டார்.

"கண்ணு, வண்டி சாவி உன் பையில வந்துடுச்சா பாரு. காலைல சவாரி இருக்குது."

"வரல நைனா, நான்தான் எடுத்துக்கினு வந்தேன். அந்த பார்ட்டு வர்ற வரைக்கும் பக்கத்து தெரு உன் சிநேகிதர் வண்டியில டிரைவரா போ, காலைலயே அவருகிட்ட பேசிட்டேன். அதுல ரெண்டு பக்கமும் கீது, பில்லப் பாத்துட்டேன்."

"சரி, சரி. நீ பத்திரமா போ" என்று ரொம்பச் சாதுவாகச் சொன்னார். அந்தச் சாதுத்தனம் எனக்குத் தெரியாதா?

"நைனா, பீரோவுல இருந்த இன்னொரு சாவியும் என்கிட்டதான் கீது."