வால்நட் மரத்தடியில் ஒரு பச்சை

யூஸ்தினா இருபத்தெட்டு வருடம் ஊருக்கெல்லாம் தபால் கொடுத்தவள். அவளுக்குக் கல்யாணம் அமையவில்லை. அதற்கு அவளைவிட ஊர்தான் அதிகம் கவலைப்பட்டது. ஓய்வு பெற்றபின் அவளுக்கு ஒரே தலைவலி தோட்டத்து வால்நட் மரம். அதன் நிழலில் புல்கூட முளைக்கவில்லை.

தரையோடு படரும் செடிகளாகப் பார்த்துப் பார்த்து நட்டாள். தைம் என்ற வாசனைச் செடி வெயில் போதாமல் செத்தது. சந்தையில் வாங்கிய இன்னும் இரண்டு பனிக்காலத்தோடு போய்ச் சேர்ந்தன. அங்கே பார்வினோக் கொடி பிழைக்கும் என்று அவளுக்குத் தெரியும். பனிக்கடியிலும் பச்சை மாறாது, ஏப்ரலில் நீலமாகப் பூக்கும். ஆனால் அதன் இலையில்தான் மணப்பெண்ணுக்குக் கிரீடம் கட்டுவார்கள். பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் வீட்டுச் செடி அது. புருஷனோடு நல்லபடியாக வாழ்கிறவள்தான் கிரீடத்துக்கு அதை வெட்டலாம்.

கடைசியில் வீம்புக்கு, தெருவில் யார் கண்ணிலும் படாமல் மரத்துக்குப் பின்னால் அந்தக் கொடியில் பதினைந்து துண்டு நட்டாள். படரும் செடியை ஒளித்துவைக்க நினைத்தவளை என்னவென்று சொல்ல! மூன்றே வருடத்தில் அது வேலிக்கடியில் புகுந்து தெருவுக்கு வந்துவிட்டது.

"ஏண்டி, யாருக்குக் கல்யாணம்? உனக்கா?" என்றாள் எதிர்வீட்டு ஹாஃபியா.

"ஆமா, உன் புருஷனைத்தான் கேட்டிருக்கேன்."

சொல்லிவிட்டாளே தவிர, உள்ளே போய் அழுதாள்.

மறு வருடம் ஹாஃபியாவின் மகள் சோலோமியாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஹாஃபியாவோ தன் பார்வினோக் பாத்தியைக் கார் நிறுத்தச் சிமெண்ட் போட்டு மூடியிருந்தாள். வேறு வழியில்லை; சடங்கு ரொட்டியும் கத்தரிக்கோலுமாகப் பெண்கள் பாடிக்கொண்டு யூஸ்தினாவின் தோட்டத்துக்கு வந்தார்கள். கதவைத் திறந்துவிட்டு அவள் வீட்டுக்குள் போய் ஜன்னலோரம் நின்றுகொண்டாள். தன் செடிதான், ஆனாலும் அங்கே தனக்கு இடமில்லை என்பது வலித்தது.

பாட்டு நின்றது. சோலோமியா ஜன்னலுக்கு வந்தாள்.

"வாங்க அத்தை. முதல் கிளையை நீங்கதான் வெட்டணும்."

"நான் தொட்டா உனக்கு ஆகாதுடி, கண்ணு."

"நீங்க நட்டது எதுவும் அந்த மரத்தடியில பிழைக்கலையாமே. இது பிழைச்சிருக்குல்ல? எனக்கு இந்தக் கைதான் வேணும்."

எல்லோரும் ஹாஃபியாவைப் பார்த்தார்கள். அவள் கத்தரிக்கோலை நீட்டினாள்.

"வாடி சீக்கிரம். பாடிப் பாடித் தொண்டை வத்திப்போச்சு."

யூஸ்தினா மண்டியிட்டு உட்கார்ந்தாள். அவர்கள் கேட்டது ஒரே ஒரு கிளைதான். மடி நிறைந்த பிறகும் அவள் வெட்டிக்கொண்டே இருந்தாள்.